உன் அப்பா தள்ளிவைத்த சாங்கர்

லோகாப், வட கரோலினா
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சபை முடிந்து வந்தபின்

அன்புள்ள மகள் நோரீனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்த அலாஸ்கா குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், எப்போதும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. போனில் நீ கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, உன் அப்பா அதற்குப் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தால் அவருக்குப் பயம் வந்துவிடுகிறது, என்னை எங்க கொண்டுபோகப் போறீங்க என்று என் ஏப்ரனைப் பிடித்துக்கொள்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம், அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன், நடுவில் கையெழுத்து மாறினால் எழுந்துவிட்டார் என்று தெரிந்துகொள்.

மழை இந்த வருஷம் சரியில்லை. கீழ்க்காட்டில் புகையிலை இலை ஓரமெல்லாம் கருகிக் கிடக்கிறது, குத்தகைக்கு எடுத்தவன் வேலியில் சாய்ந்துகொண்டு வானத்தைத் திட்டிவிட்டுப் போகிறான். பீச் பழம் மட்டும் என்ன கோபமோ, கொட்டித் தீர்த்துவிட்டது. மேலே வர்ஜீனியா எல்லையில் இருக்கிற தோட்டத்துக்காரர் அடிபட்ட பழங்களைக் கூடை கூடையாகக் கொடுத்தார், ஜாடிகளில் போட்டு மூடிவைத்தது போக மீதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் அறையின் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது, அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். சபையில் புதுப் போதகர் வந்திருக்கிறார், நல்ல பையன், ஆனால் பிரசங்கம் முடிக்கத் தெரியவில்லை, சாப்பாட்டு நேரம் தாண்டிப்போனால் கர்த்தரே கொட்டாவி விடுவார் என்று ஜெல்லா அத்தை சொன்னாள். ஆமாம், ஜெல்லா அத்தைதான். அவள் என்னிடம் பேசினாளா என்று நீ வாயைப் பிளப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதைச் சொல்லத்தான் வருகிறேன், கொஞ்சம் பொறு.

வசந்தத்தில் நீ போன் செய்தபோது அப்பா மறதியாகப் பேசுகிறார் என்றாய், வயசாகிறது இல்லையா என்று நான் மழுப்பினேன். அது வெறும் மறதி இல்லை கண்ணு. முதலில் குவாரியில் கூட வேலை செய்தவர்களின் பெயர் போனது, பிறகு மாதங்கள் போயின, பிறகு எங்கள் வீட்டுப் பாதையே போய்விட்டது, ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தவரைத் தபால்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜூன் மாதம் ஒரு காலையில் என்னைப் பார்த்து, நீங்க எப்பம்மா வேலைக்குச் சேந்தீங்க என்று மரியாதையாகக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன், விளையாடுகிறார் என்று நினைத்தேன். அப்போதெல்லாம் சில நாள் இமோ என்று என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சில நாள் அம்மா என்பார், பல நாள் ஏம்மா, இங்க பாருங்க, அவ்வளவுதான். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன் நோரீன், ஆனால் ஜூலையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிடிவாதம் இல்லை, கோபம் இல்லை, வாயருகே கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முட்டை வேண்டாம், சோள ரொட்டி வேண்டாம், அவருக்கு உயிரான பீன்ஸ் வேண்டாம். அந்தப் பெரிய உடம்பு, கருங்கல்லைப் புரட்டிய தோள், சட்டைக்குள் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது. டாக்டர் அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்படியே போனால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, முதியோர் விடுதியில் சேர்த்து வயிற்றில் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும், அடுத்த முறை வரும்போது முடிவு செய்வோம் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தேன், சாவியை எங்கே செருகுவது என்று தெரியவில்லை. வீட்டை விட்டு அவர் போனால் திரும்பி வரமாட்டார், அது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

இவ்வளவு பீச் கிடக்கிறதே, நம் ஊர்ப் பழப் பலகாரம் சாங்கர் செய்தால் சாப்பிடுவார் என்று எனக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து என் சாங்கரை அவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை, சதுரச் சட்டியின் மூலையைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிடுவார், உனக்குத் தெரியும், அந்த மூலைக்கு நீயும் அவரும் சண்டை போட்டிருக்கிறீர்கள். நல்ல பழமாகப் பார்த்து எடுத்துக் கொதிநீரில் முக்கித் தோலை உரித்தேன், வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுப் புரட்டினேன், மாவைத் தேய்த்துப் பட்டை பட்டையாக அறுத்து மேலே குறுக்கும் நெடுக்குமாக, என் அம்மா செய்கிற மாதிரியே, ஓரம் மடித்து ஒட்டி அடுப்புக்குள் வைத்தேன். வீடு முழுக்க வாசனை. பால்பாகு காய்ச்சித் தனியே வைத்தேன். அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார், மூக்கை இழுத்துக்கொண்டார். கிண்ணத்தில் அள்ளி ஒரு வாய் வைத்தேன். மென்றார், முகத்தைச் சுளித்தார், கிண்ணத்தை இரண்டு கையாலும் மெதுவாக மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார். இது இல்ல, மேல இருக்கற பட்டை தொண்டையில நிக்குது, அம்மா சட்டியில இருக்குமே கொழகொழன்னு, அதக் குடுங்க என்றார். உங்கம்மா சட்டியா என்று கேட்டேன். ஆமா, வேற எது சாங்கர் என்று என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

உனக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். உன் அப்பாவின் அம்மா செய்வது வேறு. மேலே பட்டை கிடையாது, பழச்சாற்றுக்குள் மாவை உருட்டி உருட்டிப் போட்டு, பாதி வெந்ததும் பால்பாகு முழுவதையும் அதன் தலையில் கொட்டி மறுபடி அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள், கரண்டியால் அள்ள முடியாது, ஊற்ற வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் சட்டியை ஆசையாக மேசையில் வைத்தேன், மாமியார் கரண்டியால் பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கூரை நல்லா போட்டிருக்க, உள்ள குடியிருக்க யாராவது இருக்காங்களா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, தட்டை நீட்டி எனக்கு இன்னும் போடு என்றார். அதற்குப் பிறகு ஒரு ஆகஸ்டில் சபை ஆண்டு விழா விருந்து, மரத்தடியில் நீள மேசை, எல்லா வீட்டுச் சட்டியும் வரிசையாக. அவர் தன் அம்மாவின் சட்டியைத் தாண்டி வந்து என் சட்டியில் அள்ளிக்கொண்டார். அன்று ஜனங்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்தப் பனிக்காலத்தில் மாமியார் தவறிப்போனார்கள். அன்றோடு ஜெல்லா அத்தை நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்கம்மா கடைசியா செஞ்ச சட்டிய அண்ணன் தொடாம போயிட்டாரு என்று ஊரெல்லாம் சொன்னாள். ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள், ஞாயிற்றுக்கிழமை ஒரு தலையசைப்பு, இவ்வளவுதான் உறவு.

இப்போது சொல், நோரீன், அந்தக் கிண்ணத்தை அவர் தள்ளியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும். அவர் சாப்பிடவில்லையே என்ற துக்கம் ஒரு பக்கம், அதற்கு மேல் வெட்கம் கெட்ட ஒரு கோபமும் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். இத்தனை வருஷமும் பிடிக்காமலேயே சாப்பிட்டாரா. மூலையைச் சுரண்டியதெல்லாம் என்ன. நோய் வந்து நாக்கின் பூட்டைத் திறந்துவிட்டதும் உண்மை வெளியே வந்துவிட்டதா. பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன், நாப்பது வருஷம் நடிச்சீங்களா கோய் என்று. அவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் கோபித்துக்கொள்வது, கோபித்துக்கொள்ள ஆளே இல்லை. மறுநாள் நானே மாமியார் முறையில் செய்து பார்த்தேன், உள்ளே என்ன அளவு, எப்போது ஊற்ற வேண்டும் என்று யாருக்குத் தெரியும், மாவு கல்லாகி அடியில் போனது, பால் திரிந்து மேலே மிதந்தது, நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. டாக்டரிடம் போகிற நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. தெரிந்தவள் ஒருத்திதான், ஓடைக்கு அந்தப் பக்கம்.

ஒரு கூடை பழம் எடுத்துக்கொண்டு போனேன். ஜெல்லா வாசலில் உட்கார்ந்து உலர்த்துவதற்காக பீன்ஸை ஊசியில் கோத்துக்கொண்டிருந்தாள். என்ன அண்ணி, பாலம் இடிஞ்சி வழி மாறிட்டீங்களா என்றாள். உங்கண்ணன் சாப்பிடறதில்ல ஜெல்லா என்றேன். உங்க கைப் பக்குவத்துலதானே இத்தன நாள் உடம்பு வளத்தாரு, அதையே போடுங்க என்றாள். போட்டேன், தள்ளிட்டாரு என்றேன். அப்போதும் ஊசியை நிறுத்தவில்லை. அவள் வாயால் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன், அதனால் நின்றேன். அப்புறம் நான் சொன்னேன், உங்கம்மா சட்டியக் கேக்கறாரு, கொழகொழன்னு இருக்குமே அது வேணும்ங்கறாரு, எனக்கு அது வரல, நீ வந்து செஞ்சு குடு என்று. ஊசி நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நான் கூடையைத் தூக்கினேன். அவள் ஒரு பழைய நீல எனாமல் சட்டியோடு வெளியே வந்தாள், ஓரத்தில் சில்லு பெயர்ந்த சட்டி. அத நானே தூக்கிட்டு வரேன், உங்க கையில குடுத்தா கூரை போட்டுருவீங்க என்றாள். கூடையை நான் தூக்கிக்கொண்டேன், இரண்டு பேரும் பாலம் தாண்டினோம்.

என் சமையலறையில் அவள் நின்று அத்தனை வருஷமாகிறது, ஆனாலும் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எடுத்தாள். பழத்தை நான் அரிந்தேன், அவள் இன்னும் சின்னதா, பல்லே இல்லாதவனுக்குச் செய்யறோம்னு நெனச்சுக்குங்க, எங்கப்பாவுக்குப் பல்லு போனப்பதான் அம்மா இப்படிச் செய்ய ஆரம்பிச்சா என்றாள். இது எனக்குத் தெரியாது. வந்த நாளிலிருந்து அது அவர்களுடைய கர்வம் என்று நினைத்திருந்தேன், அது ஒரு கிழவருடைய ஈறுக்காகச் செய்தது. மாவை மோர் விட்டுத் தளரப் பிசைந்து விரலால் கிள்ளிக் கிள்ளிச் சாற்றில் போட்டாள். பால்பாகை அவள் கொதிக்கக் கொதிக்க ஊற்றியபோது சட்டி சீறியது. இப்ப அடுப்பத் தெறக்காதீங்க, எட்டிப் பாக்கறது உங்க வீட்டுப் பழக்கம் என்றாள். நான் திருப்பிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஆனால் அவள் பேசியதெல்லாம் அவளுக்குத் தேவைப்பட்ட வார்த்தைகள், சொல்லித் தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, ஜெல், அம்மா எங்க என்றார். ஜெல் என்று கூப்பிட்டார், நோரீன். அவளைத் தெரிந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சபைக்குப் போயிருக்கா அண்ணா, வந்துருவா, நீ சாப்பிட்டு இரு என்றாள், குரல் உடையாமல் சொல்லிவிட்டாள், நான் அவளைப் பாராட்ட வேண்டும். எனக்குத்தான் அடுப்புப் பக்கம் திரும்பி நிற்க வேண்டியிருந்தது. தங்கை பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை.

ஆறவைத்துக் கிண்ணத்தில் ஊற்றி ஜெல்லா கொடுத்தாள். முதல் வாய் உதட்டிலேயே நின்றது. பிறகு விழுங்கினார். பிறகு கரண்டியை என் நாத்தனார் கையிலிருந்து தானே பிடுங்கிக்கொண்டார். அந்தக் கரண்டி கிண்ணத்தில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். முழுக் கிண்ணமும் சாப்பிட்டார், பாகு தாடியில் வழிந்தது. ஜெல்லா சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள், கழுவுவதற்காம், அதில் இன்னும் பாதி சாங்கர் இருந்தது. அவள் அழுவதைப் பார்க்க வேண்டாம் என்று நான் உள்ளேயே இருந்துவிட்டேன். உன் அப்பாவின் வாயைத் துடைக்கக் குனிந்தேன். அவர் பின்கதவைப் பார்த்தார், முன்கதவைப் பார்த்தார், விரலை மடக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏம்மா, ஒரு உபகாரம் பண்ணுவீங்களா என்றார். சொல்லுங்க என்றேன். என் சம்சாரம் வர்றதுக்குள்ள இந்தக் கிண்ணத்தக் கழுவி வெச்சிருங்க, நான் இதச் சாப்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க, அவ செய்யறது வேற மாதிரி, பட்டை பட்டையா அழகா போடுவா, இது தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும், வெளிய சொல்லமாட்டா, உள்ளேயே வெச்சுக்குவா என்றார். சொல்லமாட்டேங்க என்றேன். சத்தியமா என்றார். சத்தியமா என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, அவ எப்ப வருவா, இருட்டறதுக்கு முன்ன வந்துருவாளா என்று கேட்டார். பக்கத்துலதான் போயிருக்கா, வந்துருவா என்றேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன், அவர் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் தூங்கினார்.

அன்றிலிருந்து ஜெல்லா இரண்டு நாளைக்கு ஒரு தடவை சட்டியோடு வருகிறாள், இப்போதும் என்னைக் குத்திக்கொண்டேதான் இருக்கிறாள், நானும் இப்போது திருப்பிக் குத்துகிறேன். சாங்கரோடு கொஞ்சம் முட்டையும் மசித்த கிழங்கும் சேர்த்து ஏமாற்றி ஊட்டுகிறோம். டாக்டர் எடை பார்த்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். கொஞ்ச நாள் என்றுதான் சொன்னார், அதை உனக்குப் பெரிதாக்கி எழுத மாட்டேன். அவர் தேறி வரமாட்டார். ஒவ்வொரு கிண்ணம் முடிந்ததும் அதே பயம், அதே கெஞ்சல், அதே சத்தியம். நான் சாயங்காலம் முகம் கழுவித் தலை வாரி வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு முன்கதவு வழியாக உள்ளே வந்து பார்த்தேன், சம்சாரம் வந்ததாக நினைப்பாரோ என்று. வாங்கம்மா, அவ இன்னும் வரல என்றார். இனி அப்படிச் செய்ய மாட்டேன். எனக்கு ரொம்பத் துக்கமாக இருக்கிறது நோரீன், அதே நேரம் இவ்வளவு பிரியத்தைப் பக்கத்தில் நின்று கேட்கிற பாக்கியம் எத்தனை பெண்டாட்டிக்குக் கிடைக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன். நினைத்துவிட்டு அழுகிறேன், அதுவும் உண்மை.

நீ வர வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயும் குழந்தையுமாவது வாருங்கள், மலையில் இலை உதிர்வதற்குள். குழந்தைக்குக் கம்பளிச் சட்டை ஒன்றும் அங்கே வாங்க வேண்டாம், நான் பின்னிக்கொண்டிருக்கிறேன், கை மட்டும் பாக்கி. உன்னை அவருக்குத் தெரியாமல் போகலாம், வாசலில் நின்று யாரென்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டுவிடாதே, பரீட்சை வைத்தால் நடுங்கிப்போகிறார். நேராக உன் பெயரைச் சொல்லிப் பக்கத்தில் உட்கார். ஜெல்லா அத்தைக்கு அந்த ஊர் மீன் டப்பா ஏதாவது கொண்டு வா, வேண்டாம் என்பாள், வைத்துவிட்டு வா. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உன் வீட்டு அடுப்பு அணையாமல், மாப்பிள்ளைக்கும் உனக்கும் நடுவில் சொல்லாமல் வைத்துக்கொள்கிற வார்த்தை எதுவும் சேராமல் ஆசீர்வதிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நீ வந்து அவருக்கு ஊட்டினால், உன்னையும் கிட்டே கூப்பிட்டு அந்த ரகசியத்தைச் சொல்வார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் அப்பா என்று உளறிவிடாதே. அவளிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடு, கிண்ணத்தை அவர் கண் முன்னால் கழுவு.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா
இமோஜீன்